தொழிலாளர் வருகைப் பதிவேடு

வருகைப் பதிவேடு என்பது ஒரு தொழிற்சாலை, சுரங்கம், கடை அல்லது நிறுவனத்தில் யார் யார் எந்தெந்த நாளில், எத்தனை மணி நேரம் வேலை செய்தனர் என்பதை அன்றன்றே எழுதி வைக்கும் ஏடு ஆகும். பேச்சு வழக்கில் இதை 'மஸ்டர் ரோல்' அல்லது வெறுமனே 'மஸ்டர்' என்பார்கள். படைவீரர்களை அணிவகுத்து நிறுத்திப் பெயர் அழைக்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல் இது. இன்று கைரேகைக் கருவி, முகம் காட்டும் கருவி, கைப்பேசிச் செயலி எனப் பல வடிவங்களில் வருகை பதியப்பட்டாலும் சட்டத்தின் பார்வையில் எல்லாம் ஒரே ஏடுதான்.

இந்த ஏடு சம்பளம் போடுவதற்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். போனஸ், மருத்துவ உதவி, மகப்பேறு விடுப்பு, பணிக்கொடை, பணி நிரந்தரம் ஆகிய உரிமைகள் அனைத்தும் நாள் கணக்கில்தான் பிறக்கின்றன. வேலை செய்தும் ஏட்டில் ஏறாத நாள், உரிமைக் கணக்கிலும் ஏறாமல் போகும். ஆகவே வேலையளிப்பவர் நிறைவேற்ற வேண்டிய சட்டக் கடமைகளுக்கு எல்லாம் அடிப்படை இந்தப் பதிவேடே.

குன்னம் பகுதியும் பதிவேடும்

பெரம்பலூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று குன்னம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் மானாவாரி நிலப்பகுதி இது. அடுத்துள்ள அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் மிகுதியாகக் கிடைப்பதால் சிமெண்ட் ஆலைகளும் சுரங்கங்களும் அமைந்தன. அரியலூரிலுள்ள அரசு சிமெண்ட் ஆலை 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன்பின் தனியார் ஆலைகள் பலவும் வந்தன. பெரம்பலூர் பக்கம் கல் குவாரிகள், டயர் தொழிற்சாலை, அண்மை ஆண்டுகளில் எறையூரில் காலணித் தொழிற்பூங்கா எனத் தொழில்கள் பெருகியுள்ளன.

இதனால் விதைப்பு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் காட்டு வேலையும், மற்ற மாதங்களில் ஆலை, குவாரி, லாரி ஏற்றுமதி வேலையும் செய்யும் குடும்பங்கள் இங்கு ஏராளம். காட்டு வேலையில் கூலி அன்றன்று கைக்கு வந்துவிடும். கணக்கு அன்றோடு முடிந்தது. ஆலை வேலையில் கணக்கு பல ஆண்டுகளுக்கு ஓடும். முன்னதன் பழக்கத்திலேயே பின்னதையும் பார்ப்பவர்கள், மாதச் சம்பளம் சரியாக வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பதிவேட்டில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

பதிவேடு என்ற சொல் கிராமங்களில் பரவலாகத் தெரிந்தது நூறு நாள் வேலைத் திட்டத்தால்தான். அத்திட்டத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி மஸ்டர் ரோலில் பதிவான நாளுக்கே கூலி. 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலியில் ஒரு நாளைக்கு இருமுறை படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. 'படம் ஏறவில்லை என்றால் கூலி ஏறாது' என்பது ஏரிக்கரையில் வேலை செய்தவர்களுக்கு நன்கு தெரியும். ஆலையிலும் குவாரியிலும் இதே விதிதான். ஆனால் அங்கே இழப்பு உடனே கண்ணில் படாது.

வரலாற்றில் ஒரு சான்று

குன்னம் அடங்கிய பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே காலையில் ஆட்களைத் திரட்டிப் பெயர் அழைப்பதற்குப் 'பெரட்டு' என்றும், வருகை எழுதும் ஏட்டுக்குச் 'செக்ரோல்' என்றும் பெயர். ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே சொல்வார்கள். நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு 'அரைப்பேர்' போடப்படும். அதாவது முழு நாள் உழைத்தவருக்கும் பாதிக் கூலிதான். உழைப்பை எழுதும் கை யாருடையதோ அவரிடமே உழைப்பின் விலையும் இருந்தது என்பதை இந்தச் சொல்லே காட்டும். பதிவேட்டைப் பற்றி அரசுகள் சட்டம் இயற்றியதற்கான காரணமும் இதுவே.

சட்டம் கேட்கும் நாள் கணக்கு

இந்தியாவில் முக்கியமான உரிமைகள் எத்தனை நாள் பணியால் கிடைக்கின்றன என்பதைக் கீழே காணலாம்.

30 நாள்: ஒரு கணக்காண்டில் குறைந்தது 30 நாள் வேலை செய்திருந்தால், சம்பள வரம்புக்கு உட்பட்டவருக்குப் போனஸ் உரிமை உண்டு. குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு.

78 நாள்: இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால் நோய்க்கால உதவித்தொகை பெறலாம். ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும்.

80 நாள்: இ.எஸ்.ஐ.க்கு உட்படாத நிறுவனத்தில், பேறு எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. 2017 முதல் முதல் இரு குழந்தைகளுக்கு இது 26 வாரம்.

90 நாள்: கட்டுமானத் தொழிலாளர் நலச் சட்டப்படி, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் பயனாளியாகப் பதிவு பெறத் தகுதியுடையவர்.

180 நாள்: ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இது 240 நாளாக இருந்தது. புதிய சட்டத் தொகுப்பு அதை 180 ஆகக் குறைத்துள்ளது.

240 நாள்: 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்தால் ஓராண்டுத் தொடர்பணியாகக் கொள்ளப்படும். ஆட்குறைப்புக்கு முன் அறிவிப்பும் இழப்பீடும் பெறுவதற்கும், பணிக்கொடைக்கு ஆண்டு கணக்கிடுவதற்கும் இதுவே அளவு. நிலத்தடிச் சுரங்கத்தில் 190 நாள் போதும். அரியலூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள் என்பதால் அங்கு 240 நாள் தேவை.

480 நாள்: 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி அளித்தல்) சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். 50க்கும் குறைவான தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கும், கட்டடம், சாலை, பாலம் போன்ற கட்டுமான வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது.

ஒரு நாள் விடுபட்டால் என்ன ஆகும்?

ஒருவர் மாதத்திற்குச் சராசரியாக 20 நாள் வேலைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 240 நாள். ஈராண்டில் 480 நாள். இரண்டு எல்லைகளையும் அவர் சரியாகத் தொட்டுவிடுகிறார்.

இப்போது மாதம் ஒரு நாள் மட்டும் பதிவேட்டில் விடுபடுவதாகக் கொள்வோம். ஓராண்டில் 228 நாள். ஈராண்டில் 456 நாள். சம்பளத்தில் அவர் இழந்தது 24 நாள் கூலிதான். அந்தக் கூலி வேறு தலைப்பில் கைக்கு வந்துவிட்டால் சம்பள இழப்புகூட இல்லை. ஆனால் தொடர்பணி என்ற தகுதியும் நிரந்தரம் என்ற உரிமையும் அடியோடு போய்விடுகின்றன. கல்லூரியில் வருகை விழுக்காடு சற்றுக் குறைந்தாலும் தேர்வு எழுத முடியாமல் போகும் மாணவரின் நிலையை இதனுடன் ஒப்பிடலாம். அங்கே இழப்பது ஒரு பருவம். இங்கே பல ஆண்டு உழைப்பின் பயன்.

பணிக்கொடையில் இது எவ்வளவு தொகை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்குரிய தொகை வரும். மாத ஊதியம் 13,000 ரூபாய் என்றால் ஒரு நாள் ஊதியம் 500 ரூபாய். ஓராண்டுக்கு 7,500 ரூபாய். 10 ஆண்டுக்கு 75,000 ரூபாய். இதைப் பெறப் பொதுவாக 5 ஆண்டுத் தொடர்பணி வேண்டும். பணிக்காலத்தில் இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ இந்த 5 ஆண்டு நிபந்தனை இல்லை.

விடுமுறை நாள்களை எப்படி எண்ணுவது?

240 நாளைக் கணக்கிடும்போது உண்மையில் கருவியைக் கையில் பிடித்த நாள்களை மட்டுமே எண்ண வேண்டும் என்று சில நிறுவனங்கள் வாதிட்டன. ஊதியத்துடன் கூடிய வார விடுமுறையையும் பண்டிகை விடுமுறையையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களுடன் ஐந்து பண்டிகை நாள்களையும் ஊதியத்துடன் விடுமுறையாக அளிக்க வேண்டும். பதிவேட்டில் இந்நாள்களை வெற்றிடமாக விடாமல், ஊதியத்துடன் கூடிய விடுமுறை என்று குறிப்பது அவசியம். வராத நாளும் விடுமுறை நாளும் ஒரே குறியில் எழுதப்பட்டால் பின்னாளில் பிரித்தறிய வழியில்லை.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருக்கு?

தகராறு நீதிமன்றம் வரை சென்றால் பதிவேட்டின் அருமை இரு தரப்பினருக்கும் புரியும். 240 நாள் வேலை செய்தேன் என்று தொழிலாளி சொல்கிறார். இல்லை என்று வேலையளிப்பவர் சொல்கிறார். யார் நிரூபிக்க வேண்டும்?

2002இல் கர்நாடக வனத்துறைத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. வேலை செய்ததாகக் கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். தம் தரப்புப் பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது. சம்பளம் பெற்றதற்கான சான்றோ பணி ஆணையோ காட்ட வேண்டும் என்றது.

தினக்கூலிக்காரரிடம் ஏது பணி ஆணை? ஏது சம்பள ரசீது? இந்த நடைமுறைச் சிக்கலை 2005இல் வந்த மற்றொரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கருத்தில் கொண்டது. மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளிக்குத்தான். ஆனால் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லி, நிறுவனத்தின் கையிலுள்ள வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, பணி ஆணை ஆகியவற்றைத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று விளக்கியது. அந்த வழக்கில் தொழிலாளியிடம் அதிகாரி கொடுத்த சான்று ஒன்று இருந்தது. எதிர்த்தரப்பு எல்லாப் பதிவேடுகளையும் கொண்டுவரவில்லை. தொழிலாளிக்குச் சாதகமாகவே முடிந்தது.

ஊதியம் தரப்படவில்லை அல்லது குறைத்துத் தரப்பட்டது என்ற புகாரில் நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவின்படி, ஊதியத்தையும் போனஸையும் கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவரைச் சாரும். இக்கோரிக்கைகளை 3 ஆண்டுக்குள் எழுப்பலாம். நேர்மையாகச் சம்பளம் கொடுத்த சிறு முதலாளி, ஏடு எழுதவில்லை என்பதாலேயே தோற்றுப்போகக்கூடும். ஆகவே பதிவேடு தொழிலாளிக்கு மட்டுமன்றி வேலையளிப்பவருக்கும் காப்பு.

புதிய சட்டத் தொகுப்புகள்

ஊதியம் (2019), தொழில் உறவுகள் (2020), சமூகப் பாதுகாப்பு (2020), தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் (2020) ஆகிய நான்கு சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியது. 29 மத்தியச் சட்டங்கள் இவற்றுள் அடங்கின. புதிய விதிகள் முழுமையாக வரும் வரை, முரண்படாத பழைய விதிகள் தொடரும் என்றும் அரசு அறிவித்தது. மேலே கூறிய 480 நாள் சட்டம் மாநிலச் சட்டம். அது இந்த 29இல் ஒன்றன்று.

வேலையளிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில மாற்றங்கள்:

ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். முன்பே பணியில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த 3 மாதங்களுக்குள் தர வேண்டும்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் விலகியவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

ஊதியச் சீட்டு வழங்க வேண்டும். பதிவேடுகளை மின்னணு முறையிலும் வைத்துக்கொள்ளலாம். ஊதியச் சட்டத் தொகுப்பின் கீழ்ப் பதிவேடு வைக்காவிட்டாலோ முறையாக வைக்காவிட்டாலோ 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

குறித்த காலத்திற்கு மட்டும் அமர்த்தப்பட்டவருக்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உரிமை உண்டு.

பதிவேடுகளைக் குறைக்கும் முயற்சி இதற்கு முன்பே தொடங்கியது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு, ஒன்பது சட்டங்களின் கீழ் இருந்த 56 பதிவேடுகளை 5 பொதுப் பதிவேடுகளாகச் சுருக்கியது. அந்த ஐந்தில் ஒன்று வருகைப் பதிவேடு. எத்தனை குறைத்தாலும் இதை மட்டும் நீக்க முடியவில்லை என்பது இதன் இன்றியமையாமையைக் காட்டும்.

எத்தனை பேர் என்ற கேள்வி

நாள்களைப் போலவே ஆள்களின் எண்ணிக்கையும் பதிவேட்டிலிருந்தே கிடைக்கிறது. 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியவை பொருந்தும். 20 பேர் இருந்தால் வருங்கால வைப்பு நிதி பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் முன்பு 20 பேரிலும், புதிய தொகுப்பில் 50 பேரிலும் தொடங்குகின்றன.

இந்த எல்லைகளைத் தாண்டாமலிருக்க 19 பேரை மட்டும் ஏட்டில் எழுதி, மற்றவர்களை வெளியே வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி விடுபட்டவர் விபத்தில் சிக்கினால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். அவர் குடும்பம் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்குமாக அலைய நேரும். வேலையளிப்பவரும் தப்பமாட்டார், விபத்து இழப்பீடு முழுவதும் அவர் தலையிலேயே விழக்கூடும். முறையாகப் பதிவு செய்திருந்தால் அதை இ.எஸ்.ஐ. ஏற்றிருக்கும். மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. பங்களிப்பு தொழிலாளி 0.75 விழுக்காடாக 90 ரூபாய், நிறுவனம் 3.25 விழுக்காடாக 390 ரூபாய். இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப்போய்ப் பெருந்தொகை இழப்பவர்கள் உண்டு.

ஒப்பந்ததாரர் மாறும்போது

சுரங்கம், ஆலை ஆகியவற்றில் ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்வோர் பலர். ஒரே இடத்தில், ஒரே வேலையைப் பத்தாண்டு செய்தாலும் ஒப்பந்ததாரர் மாறும்தோறும் புதிய ஏட்டில் புதிய ஆளாக எழுதப்படுவது இவர்களுக்கு உள்ள பெருஞ்சிக்கல். ஐந்தாண்டு நிறைவதற்குள் ஏடு மாறினால் பணிக்கொடை கேட்பது கடினமாகிறது.

வைப்பு நிதியில் இதற்கு 2014இல் ஒரு தீர்வு வந்தது. தொழிலாளி எங்கே மாறினாலும் தொடரும் ஒரே கணக்கு எண் (யு.ஏ.என்.) தரப்பட்டது. ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், பழைய எண்ணையே புதிய ஒப்பந்ததாரரிடம் தருவது மிக முக்கியம். 15,000 ரூபாய் ஊதியத்தில் இரு தரப்பும் தலா 1,800 ரூபாய் செலுத்துகின்றன. நிறுவனத்தின் பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 550 ரூபாய் வைப்பு நிதிக்கும் போகும்.

ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் உள்ளது. ஆகவே முதன்மை நிறுவனம் ஒப்பந்ததாரரின் பதிவேட்டை மாதந்தோறும் வாயிற்பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

நடைமுறைக் குறிப்புகள்

வேலையளிப்பவர் செய்ய வேண்டியவை: வருகையை அன்றன்றே எழுதுதல், மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பாமை, மிகைநேர வேலையைத் தனியே காட்டுதல், அடித்தல் திருத்தல் இருந்தால் தேதியுடன் கையொப்பமிடுதல், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. தொகைகளை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்துதல். தொழிலாளி பணியிலுள்ள காலம் முழுவதும் பழைய ஏடுகளைப் பாதுகாத்தல்.

தொழிலாளி செய்ய வேண்டியவை: ஒரு சிறு நோட்டில் தாம் வேலைக்குச் சென்ற நாள்களையும் நேரத்தையும் குறித்து வைத்தல், ஊதியச் சீட்டிலுள்ள நாள்களை அதனோடு ஒப்பிடுதல், வைப்பு நிதிக் கணக்கை உமங் செயலியில் அவ்வப்போது பார்த்தல், நியமனக் கடிதம், அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல், வேறுபாடு கண்டால் அந்த மாதமே எழுத்து மூலம் கேட்டு நகல் வைத்துக்கொள்ளுதல்.

எங்கே முறையிடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். கடை, உணவகம், காலணித் தொழிற்சாலை போன்றவை மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ் வரும். தொழிற்சாலைப் பாதுகாப்பைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கவனிக்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கம், கல் குவாரி ஆகியவை சுரங்கங்கள் என்பதால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பின் கீழ் வரும். ஒரே ஊரில் அண்ணன் ஆலையிலும் தம்பி குவாரியிலும் வேலை செய்தால் இருவரும் வெவ்வேறு அலுவலகத்துக்குச் செல்ல நேரலாம்.

படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில், பெற்றோரின் ஊதியச் சீட்டை மாதம் ஒருமுறை எடுத்து நாள் கணக்கைச் சரிபார்க்கக் கால் மணி நேரம் போதும். மாதம் ஒரு நாள் விடுபட்டால் அந்த மாதமே கேட்டுத் திருத்திவிடலாம். இரண்டாண்டு கழித்து அந்த 24 நாள்களைத் தேடினால், அன்று அருகில் நின்று வேலை செய்தவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.